புதுப்பிப்பு: குடுவைச் செடி மறுபடி குடுவை விட்டது

மூன்று மாதத்துக்கு முன் என் நெபந்தஸ் வென்ட்ராட்டா (பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி வகை) பற்றி இங்கே கேட்டிருந்தேன். குடுவைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன, புது இலைகளின் நுனிக்கொடி (குடுவை உருவாகும் இடம்) கறுத்து நின்றது. தண்ணீரைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதுதான் காரணம். எங்கள் போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 780! இந்தச் செடிக்கு 50-க்குள் இருந்தால் நல்லது. போதாததற்கு நான் செம்மண்ணும் மண்புழு உரமும் போட்டு வைத்திருந்தேன். சத்தில்லாத மண்ணில் வளர்வதால்தானே அது பூச்சி பிடிக்கிறது, அந்த வேருக்கு உப்பும் உரமும் தாங்காது.

வேரைக் கழுவி, ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) கலந்து மாற்றி நட்டேன். இப்போது சேமித்த மழைநீர் மட்டும்தான். தொட்டி கிழக்குப் பால்கனியில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கிறது.

முதல் ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை, ரொம்பவே பயந்துவிட்டேன். அப்புறம் மூன்றாவது புது இலையின் நுனி பருத்து, மேல்நோக்கி வளைந்தது. போன ஞாயிறு அந்தக் குடுவையின் மூடி திறந்தது. உள்ளே ஏற்கெனவே திரவம் இருந்தது! திறக்கும் முன்பே செடியே சுரந்து வைத்துக்கொள்கிறது, நாம் ஊற்ற வேண்டியதில்லை.

பழைய இலைகளில் இனிக் குடுவை வராது, ஆனால் பச்சையாக இருக்கும்வரை வெட்டப் போவதில்லை. இறைச்சித் துண்டு போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், அழுகிவிடும். இன்று காலை எறும்பு ஒன்று தானாகவே விழுந்திருந்தது.