மதியம் மட்டும் ஓடை நீர்மட்டம் ஏறுவதாகக் காட்டும் லாக்கர்

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கீழே, ஓடையில் 90 டிகிரி வி-நாட்ச் தடுப்பு (V வடிவ வெட்டு உள்ள தடுப்பு) வைத்து நீரோட்டம் அளக்கிறோம். தண்ணீருக்குள் இருப்பது காற்றுக்குழாய் இல்லாத பிரஷர் லாக்கர் (அழுத்தத்தைத் தானாகப் பதியும் கருவி; காற்றழுத்தமும் சேர்ந்தே பதிவாகும்), 5 மீட்டர் ரேஞ்ச். பங்குனி வெயில் தொடங்கியதிலிருந்து மதியமானால் 10 செ.மீ. மட்டம் 13 ஆகிறது. 3 செ.மீ. தானே என்று விட முடியாது, நொடிக்கு 4.4 லிட்டர் 8.4 ஆகிவிடுகிறது! அளவுகோலில் பார்த்தால் தண்ணீர் அசையவே இல்லை.

சுரங்கத்தில் நீர் இறைக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஈ.சி. (நீரின் மின்கடத்துத்திறன்) ஏறவில்லை, மோட்டாரும் ராத்திரியில்தான் ஓடுகிறது. வண்டல் வாரியாச்சு, சென்சார் துடைத்தாச்சு, பேட்டரியும் மாற்றியாச்சு. காற்றழுத்த லாக்கர் கரையில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பதிவைக் கழித்த பிறகும் இதே கதை.

பெட்டிச் சூட்டில் அது தவறுகிறதா, தண்ணீருக்குள் இருப்பது தவறுகிறதா என்று களத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?