ஒரே நொடியில் மோதும் ஃபோல்டர் பெயர்கள்

கேள்வி (ஹட்டன்): கொழுந்து நிறுவைப் பதிவுகளை பைதனில் நேரத்தைப் பெயராக வைத்து ஃபோல்டர்களில் சேமிக்கிறேன். இரண்டு மடுவங்கள் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைகள்) ஒரே நொடியில் அனுப்பினால் ஒன்றை மற்றது அழிக்கிறது. ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம் அண்ணே?

பதில் (பண்டாரவளை): தம்பி, பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் இடையில் மற்றது புகுந்துவிடும். பார்க்கவே வேண்டாம், நேரே எம்கேடிர் (ஃபோல்டர் உருவாக்கும் கட்டளை) கொடுங்க. பெயர் ஏற்கனவே இருந்தால் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர் வரும். அதைப் பிடித்து, பெயரின் கடைசியில் ஓர் எண் வைத்து அதை ஒன்று கூட்டி மறுபடி முயலுங்க. எக்ஸிஸ்ட்_ஓகே=ட்ரூ (ஏற்கனவே இருந்தாலும் பரவாயில்லை என்பது) மட்டும் போட்டுறாதீங்க, அந்தப் பிழையே வராது.

பதில் (நுவரெலியா): பெயரோடு யுயுஐடி4 (ரேண்டமாக உருவாகும் அடையாள எண்) சேருங்க. 122 ரேண்டம் பிட். முதல் 8 எழுத்தோடு வெட்டினால் 32 பிட்தான். சுமார் 77,000 பெயரிலேயே மோதல் வாய்ப்பு 50% ஆகிவிடும்.

பதில் (பதுளை): விண்டோஸ் என்றால் ஃபோல்டர் பெயரில் 06:30 வேண்டாம், கோலனை ஏற்காது. 0630 போதும்.