இரண்டு நீல அல்லிகள்: எந்தப் பிரிவில் எழுதுவது?

மதுரை திருநகரில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். 2022-இல் நர்சரியில் வாங்கிய இரண்டு நீல அல்லிகளின் பெயர்ச்சீட்டுகள் வெயிலில் வெளிறிவிட்டன. இப்போது மலர்க் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க வேண்டும். வெப்பமண்டல அல்லிக்கும் குளிர்தாங்கும் அல்லிக்கும் தனித்தனிப் பிரிவு. தவறான பிரிவில் வைத்தால் நடுவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். போன முறை பட்டதே போதும்.

முதல் தொட்டியில் சிக்கல் இல்லை. இலை விளிம்பு பல்பல்லாக இருக்கிறது, பூ நீருக்கு மேல் ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது, இலையின் நடுவிலேயே குட்டிச்செடி முளைக்கிறது. வெப்பமண்டலக் கலப்பினம்தான்.

இரண்டாவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. அதே ஊதா கலந்த நீலம். ஆனால் இலை விளிம்பு மழமழவென்று இருக்கிறது, பூ நீரை ஒட்டியே விரிகிறது, குட்டி விடுவதே இல்லை. நீலம் என்றால் வெப்பமண்டலம் என்பது பழைய கணக்கு. 2007-இல் தாய்லாந்தில் இரு வகைகளையும் கலந்து 'சியாம் ப்ளூ ஹார்டி' என்ற குளிர்தாங்கும் நீல அல்லி உருவான பிறகு அது செல்லாது.

ஒரு மாதம் குறித்து வைத்தேன்: இரண்டும் காலையில் விரிந்து பிற்பகலில் மூடுகின்றன. இதழ்களை எண்ணினேன், பூவுக்குப் பூ மாறுகிறது. நர்சரிக்காரரைக் கேட்டால், "எல்லாம் அல்லிதான் சார்" என்கிறார். வேரைத் தோண்டவில்லை, மொட்டுகள் நிறைய நிற்கின்றன.

அடியில் இருப்பது வெப்பமண்டல அல்லியின் உருண்டைக் கிழங்கா, குளிர்தாங்கும் அல்லியின் கிடையாக ஓடும் தண்டா என்று தோண்டிப் பார்க்காமலேயே இரண்டாவது செடியின் பிரிவை உறுதிசெய்ய வழி உண்டா?