தேய்ந்த வெனிஸ் வெள்ளிக்காசு: எந்த டோஜே (வெனிஸின் ஆட்சித் தலைவர்) காலத்தது?

நண்பர்களே, நாணயம் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். கிரீஸின் யூபியா தீவில் நாங்கள் தோண்டும் குழியில், ஒரு வீட்டின் தரை மட்டத்திலிருந்து இது கிடைத்தது. 20 மி.மீ. விட்டம், எடை 1.9 கிராம்.

வெனிஸின் குரோஸோ என்ற வெள்ளிக்காசுதான் என்று நினைக்கிறேன். முழு எடை சுமார் 2.18 கிராம் இருக்க வேண்டும், ஆனால் இதன் விளிம்பு நன்றாகவே தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் அரியணையில் கிறிஸ்து, முகம் மழுங்கிவிட்டது. மறுபக்கம் டோஜேயும் புனித மாற்கும் நடுவில் ஒரு கொடிக்கம்பைப் பிடித்து நிற்கிறார்கள். டோஜேயின் பெயர் வரும் இடது ஓரத்தில் சாய்வாக வெளிச்சம் அடித்தால் டி, ஈ (TE) என இரண்டே லத்தீன் எழுத்து தெரிகிறது, அதற்கு முன்னால் இருந்தது சுத்தமாக அழிந்துபோய்விட்டது.

அது டியெபோலோ என்ற குடும்பப் பெயரின் தொடக்கம் என்றால், எந்த டோஜே: யாக்கோபோவா (1229–1249), லொரென்சோவா (1268–1275)? தரையின் காலமே இதை வைத்துத்தான் முடிவாகும், அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன். செர்பிய அரசர்கள் இதே மாதிரியில் அடித்த காசுகளில் ஸ்தேவான் (STEFAN) பெயர் வருமே, அதிலும் இதே இரண்டு எழுத்து இருப்பதால் அதையும் ஒதுக்கிவிட முடியவில்லை.

கிறிஸ்துவின் காலருகே ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, படம் 3 பாருங்கள். அது காசு அடித்தவர்கள் வைத்த அச்சுக்குறியா, வெறும் அரிப்பா? எழுத்தின் வடிவத்தை வைத்துப் பிரிக்க வழி தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.