பீகிள்போன் பிளாக்: நிலா படத்தில் சாம்பல் நிறம் ஏன் பட்டை பட்டையாகப் பிரிகிறது?

நிலாமாடி கேட்டது:

வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்து மாணவர்களுக்கு வானம் காட்டுகிறோம். அறுபது பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கடைசியில் நிற்பவர்களுக்கு முறை வருவதற்குள் மேகம் மூடிவிடும். அதனால் ஐபீஸில் போனை வைத்து எடுத்த நிலா படங்களை ஆய்வகத் திரையில் நாள் முழுவதும் ஓடவிடலாம் என்று நினைத்தேன். அலமாரியில் பீகிள்போன் பிளாக் என்ற உள்ளங்கை அளவுக் கணினி போர்டு ஒன்று சும்மா கிடந்தது. அதை ஒரு 1080பி மானிட்டரில் மாட்டினேன்.

படம் வந்தது. ஆனால் மழைக்கடல் (நிலாவில் கருமையாகத் தெரியும் ஒரு பெரிய சமவெளி) பகுதியில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மெல்ல மாற வேண்டிய சாம்பல் நிறம், படிப்படியாகப் பட்டை போட்டு நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு பட்டை சுத்தச் சாம்பல், அடுத்தது லேசான பச்சை, மறுபடி சாம்பல், மறுபடி பச்சை. அதே படம், அதே மானிட்டர், அதே கேபிள், என் லேப்டாப்பில் போட்டால் வழவழவென்று இருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திரையில் விரல் வைத்து, "டீச்சர், நிலாவுல வயல் வரப்பு மாதிரி கோடு ஓடுதே, அது என்ன?" என்று கேட்டாள். நோட்டில் வரைந்தும் வைத்திருக்கிறாள். அவள் கவனித்தது சரி, நான் காட்டியதுதான் தவறு. அன்றிலிருந்து திரையை அணைத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: திரை தானாக 1280×720இல் வருகிறது. 1920×1080 பட்டியலில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் 24 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 24 முறை படம் புதுப்பிப்பது) என்று மட்டும் போட்டிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் மானிட்டர் "வரம்புக்கு வெளியே" என்று காட்டிவிட்டு கருப்பாகிவிடுகிறது. அமைப்பில் எங்காவது மாற்றினால் சரியாகுமா, அல்லது போர்டே இவ்வளவுதானா?

செம்புத்தடம் பதில்:

டீச்சர், இரண்டுமே போர்டின் எல்லைதான். அமைப்பில் எதை மாற்றினாலும் அந்த எல்லை நகராது. ஆனால் உங்கள் வேலைக்கு இந்த போர்டே போதும், தூக்கிப் போட வேண்டாம்.

முதலில் பட்டை. இதிலுள்ள ஏஎம்3358 சிப்பின் திரைக் கட்டுப்பாட்டுப் பகுதி 24 தரவுக் கம்பிகள் வரை வெளியே தரக்கூடியது. ஆனால் இந்த போர்டில் ஹெச்டிஎம்ஐ சிப்புக்குப் போவது 16 கம்பிகள் மட்டும். மீதி எட்டும் போர்டின் ஓரத்திலுள்ள பி8 வரிசைப் பின்களோடு பங்கு போடுபவை. சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. அதாவது சிவப்பிலும் நீலத்திலும் 32 படிகள், பச்சையில் 64. மொத்தம் 65,536 நிறங்கள். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் நிலா படம் முழுக்கச் சாம்பல். உங்கள் லேப்டாப்புக்குச் சாம்பலில் 256 படிகள் உண்டு. இங்கே சுத்தமான சாம்பல் 32தான்.

பச்சை எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிக்சலை எடுத்துப் பாருங்கள். மூன்று நிறமும் 100 உள்ள சாம்பல். சிவப்பை 8ஆல் வகுத்து மீதியை விட்டால் 12, திரும்பப் பெருக்கினால் 96. நீலமும் அப்படியே 96. பச்சையை 4ஆல் வகுத்தால் 25, பெருக்கினால் அதே 100. ஆக 96, 100, 96. அதுதான் உங்கள் பச்சைப் பட்டை. அடுத்து 104ஐ எடுத்தால் மூன்றும் 104ஆகவே நிற்கும், சுத்தச் சாம்பல். 108இல் மறுபடி பச்சை. நான்கு எண்ணுக்கு ஒருமுறை மாறி மாறி வரும். விட்டுப்போன கீழ்ப் பிட்டுகளை நிரப்பும் விதத்தைப் பொறுத்து சில போர்டுகளில் நடுவே ஊதாவும் தட்டும். அந்தப் பெண் வரைந்த வரப்பு இந்தக் கணக்குதான்.

இதற்கு வழி டித்தரிங். ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்கும் 1976இல் வெளியிட்ட முறை: ஒரு பிக்சலை அருகிலுள்ள படிக்குத் தள்ளும்போது வரும் பிழையைத் தூக்கிப் போடாமல் அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுப்பது. வலப்பக்கம் 16இல் 7 பங்கு, கீழே இடப்பக்கம் 3, நேர் கீழே 5, கீழே வலப்பக்கம் 1. தள்ளி நின்று பார்க்கும் கண் அதைச் சராசரியாக்கிக்கொள்ளும். பைத்தானில் இருபது வரி. படத்தைச் சாம்பலாக்கி, எல்லா மதிப்பும் 8இன் மடங்காக வரும்படி இதை ஓட்டுங்கள். மூன்று நிறமும் ஒரே படியில் நிற்கும், பச்சை தட்டாது.

வரிசை முக்கியம். முதலில் திரையின் அளவுக்குச் சுருக்குங்கள், அப்புறம் டித்தரிங், அப்புறம் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் அந்த நுண்புள்ளிகளைக் குழப்பிவிடும்.

1080பி விஷயம்: திரையில் தெரியும் பிக்சலோடு ஓரத்து வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. 60 ஹெர்ட்ஸில் 2200×1125×60, அதாவது நொடிக்கு 14.85 கோடி பிக்சல், 148.5 மெகாஹெர்ட்ஸ். இந்தச் சிப்பின் பிக்சல் கடிகாரம் 126 வரைதான் போகும். 24 ஹெர்ட்ஸில் (அங்கே ஓர வெற்றிடம் இன்னும் அதிகம்) 74.25, அதனால் அது பட்டியலில் வருகிறது. கணினி மானிட்டர்கள் பல 24ஐ ஏற்காது. டிவி ஏற்கும், சினிமா ஓடுவதே அந்த வேகத்தில்தானே. உங்கள் பள்ளியில் டிவி இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள். நிற்கும் படத்துக்கு 24 தாராளம். மவுஸ் மட்டும் இழுத்து இழுத்து நகரும்.

பழையபலகை பதில்:

செம்புத்தடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். யாராவது ராஸ்பெர்ரி பை 3 (இதுபோன்ற இன்னொரு சிறு கணினி போர்டு) கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் ஹெச்டிஎம்ஐ எல்லை 162 மெகாஹெர்ட்ஸ், 1080பி 60 ஹெர்ட்ஸ் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் பழைய இயங்குதளமான ராஸ்பியன் போட்ட மெமரி அட்டையாக இருந்தால் அதிலும் இதே பட்டை வரலாம், ஏனென்றால் ஃபிரேம்பஃபர் (திரைக்குப் போகும் படத்தை வைத்திருக்கும் நினைவகம்) 16 பிட்டில் தொடங்கும். அங்கே அது வெறும் அமைப்பு. கான்ஃபிக் கோப்பில் 32 என்று மாற்றினால் போய்விடும்.

நான் ஒருமுறை இந்தக் கணக்கைப் போடாமல் 2560×1440 மானிட்டர் வாங்கி வந்து பை 3இல் ஒரு மாலை முழுக்கப் போராடினேன். அதற்கு 60 ஹெர்ட்ஸில் 241.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 162இல் எப்படி வரும்? பை 4இல் 4கே உண்டு, ஆனால் முதலில் 30 ஹெர்ட்ஸ்தான். 60 வேண்டுமென்றால் கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அதுவும் ஒரு திரைக்கு மட்டும். பை 5இல் இரண்டு திரைக்கும் 60 கிடைக்கும். போர்டு வாங்கும் முன் மானிட்டரின் பிக்சல் கடிகாரத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிலாமாடி:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன்.

முதல் முயற்சி சொதப்பியது. படத்தை டித்தரிங் செய்துவிட்டேன், ஆனால் படம் காட்டும் நிரல் "திரைக்குப் பொருத்து" என்பதில் இருந்தது. அது மறுபடி அளவை மாற்றியதில் புள்ளிகள் சேர்ந்து கோலம் போட்டதுபோல் வேறொரு வடிவம் வந்துவிட்டது. அப்புறம் தலைமையாசிரியர் அறையிலிருந்த டிவியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தோம். 1920×1080, 24 ஹெர்ட்ஸை அது உடனே ஏற்றுக்கொண்டது. படங்களை அதே அளவில் திரும்பச் செய்து, அளவு மாற்றாமல் ஓடவிட்டேன். முதல் பெஞ்சிலிருந்து பார்த்தால் மழைக்கடல் பால்போல் இருக்கிறது. மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரத்தில் நின்றால்தான் புள்ளி தெரிகிறது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, 100ஐ 8ஆல் வகுக்கச் சொல்லி, கரும்பலகையில் அவளையே போடவைத்தேன். நோட்டில் வரப்புக்குப் பக்கத்தில் "இது நிலாவுல இல்ல, கம்பி பத்தல" என்று எழுதிக்கொண்டாள்.

ஒரே ஒரு சந்தேகம். 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணத்தை எடுத்து வைத்திருக்கிறேன். செம்பு நிறத்தில் அருமையாக வந்த படங்கள். அவற்றைச் சாம்பலாக்க மனம் வரவில்லை. என்ன செய்வது?

செம்புத்தடம் பதில்:

சாம்பலாக்கவே வேண்டாம் டீச்சர். மூன்று நிறத்தையும் தனித்தனியாக ஓட்டுங்கள்: சிவப்பும் நீலமும் 8இன் மடங்குக்கு, பச்சை 4இன் மடங்குக்கு. கிரகணப் படத்தில் இருண்ட சிவப்புதான் அதிகம். அங்கே 0 முதல் 7 வரை எல்லாம் ஒரே படி என்பதால், டித்தரிங்குக்கு முன் நிழல் பகுதியின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். இல்லையென்றால் நிலாவின் இருண்ட ஓரத்தில் கருப்பு மேல் தனித்தனிச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். கூட்டியபின் ஒரு படத்தை மட்டும் டிவியில் போட்டு, அறை விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் செய்யுங்கள்.