பாமினியில் வந்த முதல் கட்டுரை

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வரும் பயனர்களை வரவேற்ற அனுபவங்களைப் பலரும் எழுதிவருவதால், நான் வரவேற்கத் தவறிய ஒருவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்கள் பக்கத்தை இரவில் ஒரு மணி நேரம் கவனித்து, விசமத் தொகுப்புகளை, அதாவது வேண்டுமென்றே கெடுக்கும் மாற்றங்களை, மீளமைத்துப் பழையபடி ஆக்குவது அப்போது என் வழக்கம். ஒரு நாள் புதிய கட்டுரை ஒன்று வந்தது. தலைப்பு முதல் கடைசி வரி வரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்ததைப் பார்த்ததும், யாரோ விளையாடுகிறார்கள் என்று முடிவு செய்து நீக்கலுக்குப் பரிந்துரைத்தேன். சற்று நேரத்தில் அது நீக்கப்பட்டது. மறுநாள், மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்திலும் அதே போன்ற இரண்டு வரிகள் இருந்தன. அவற்றையும் அழித்துவிட்டேன்.

இலங்கையைச் சேர்ந்த மூத்த பயனர் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி வருகிறதே, பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம் என்றார். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன்பிருந்த அந்த எழுத்துருவில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. ‘தமிழ்’ என்ற சொல்லே, பாமினி இல்லாத திரையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். நான் அழித்த வரிகளை எழுத்துரு மாற்றியில் இட்டேன். “தம்பி, இரண்டு இரவு இருந்து அடிச்சனான். ஏன் அழிச்சனீங்கள்?” என்று இருந்தது.

கட்டுரையை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். கட்டுரை, பனாட்டைப் பற்றியது. பனம்பழத்தைப் பிசைந்து களி எடுப்பது, அதைப் பாயில் ஊற்றிப் பரப்புவது, காயக் காய மேலும் ஊற்றி வெயிலில் உலர்த்துவது என்று, சிறுவயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய நுணுக்கத்துடன் எழுதியிருந்தார். அவருடைய பேச்சுப் பக்கத்தில் வரவேற்பு வார்ப்புரு, அதாவது எல்லோருக்கும் ஒன்றுபோல இடும் ஆயத்தச் செய்தி, முறைப்படி இடப்பட்டிருந்தது. பேச்சுப் பக்கம் என்று ஒன்று தமக்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாததால், அதில் இருந்த உதவி இணைப்புகளில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

கட்டுரையை மீட்டுத் தரக் கேட்டு, ஒருங்குறிக்கு மாற்றி, அவர் பெயரைத் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தோடு இடும் சிறுகுறிப்பில்) குறிப்பிட்டுப் பதிவேற்றினேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த சிக்கல் மேற்கோள். ஆதாரம் எது என்று கேட்டதற்கு “என்ர அம்மா” என்று பதில் வந்தது. வெளியான ஆதாரம் வேண்டும் என்ற விதியைச் சுட்டி அங்கேயே நின்றிருந்தால் அவரை இரண்டாம் முறையும் இழந்திருப்போம் என்றே நினைக்கிறேன். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய இதழ்கள் இருப்பதைச் சொன்னேன். அம்மா சொன்னதை அச்சில் தேடிப் பிடிப்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வாரத்தில் மூன்று மேற்கோள்களைக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு, புரியாத எழுத்து எதுவானாலும் மாற்றியில் இட்டுப் பார்க்காமல் நான் கை வைப்பதில்லை. வார்ப்புரு இட்டால் மட்டும் வரவேற்றதாகிவிடும் என்றும் எண்ணுவதில்லை. வந்தவர் எழுதிய பொருளைப் படித்து, அதைப் பற்றி இரண்டு வரியாவது கையால் எழுதுகிறேன். கட்டுரையின் கடைசியில் “நன்றி, வணக்கம்” என்று போட்டுத் தம் பெயரையும் ஊரையும் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வரியை எடுக்கும்போது, எழுதியவர் பெயர், யார் எதை மாற்றினார் என்று பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் நிலையாக இருக்கிறது என்று காட்டிவிட்டு எடுக்கிறேன்.

உரை திருத்தும்போது, கட்டுரையில் இருந்த பனங்கட்டியை நான் கருப்பட்டி என்று மாற்றியிருந்தேன். அதற்குள் ஒருங்குறியில் எழுதக் கற்றுக்கொண்டிருந்த ஆசிரியர், அந்த மாற்றத்தை மீளமைத்துத் தம் முதல் தொகுப்புச் சுருக்கத்தை இட்டார்: “எங்கட ஊரில பனங்கட்டி எண்டுதான் சொல்லுறது, தம்பி.” அந்தச் சொல் இன்றும் அப்படியே இருக்கிறது.