குருத்துவ வெள்ளி விழா நன்றித் திருப்பலி: தவக்கால ஞாயிற்றில் வைக்கலாமா?

கேள்வி:
எங்கள் பங்குத்தந்தையின் 25ஆம் ஆண்டு குருத்துவ நாள் தவக்காலம் 3ஆம் ஞாயிறன்று வருகிறது. குருவின் ஆண்டு நாளுக்கென்று திருப்பலி நூலில் உள்ள மன்றாட்டுகளை அன்று எடுக்கலாமா? கூட்டுத் திருப்பலிக்கு (குருக்கள் பலர் சேர்ந்து நிறைவேற்றுவது) 20 குருக்கள் வருவார்கள். ஃபாதர் எப்போது நன்றி சொல்வது?

பதில் 1:
எடுக்க முடியாதுங்க. திருவருகைக்கால, தவக்கால, பாஸ்காக்கால ஞாயிறுகளில் அந்த நாளின் திருப்பலிதான். ஊதா உடை, ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் கிடையாது, பீடத்தில் பூ வைக்கக் கூடாது. விசுவாசிகள் மன்றாட்டில் ஃபாதருக்காக ஒன்று சேர்க்கலாம். பாஸ்கா எண்கிழமை (ஈஸ்டர் ஞாயிறு முதல் எட்டு நாள்) முடிந்து ஒரு வாரநாளுக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளை உடை, அல்லேலூயா, பூ எல்லாம் தாராளமாக இருக்கும். பதிலுரைப் பாடல் 116 எடுங்கள்: ஆண்டவர் செய்த நன்மைகளுக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று கேட்டு, மீட்பின் கிண்ணத்தை உயர்த்துகிற பாடல். இதைவிடப் பொருத்தமானது இல்லை. வாசிக்காமல் பாடுங்கள்.

பதில் 2:
20 குருக்கள் என்றால் அப்பத்தைக் கிண்ணத்தின் இரசத்தில் தோய்த்து உட்கொள்வது எளிது. மெல்லிய அப்பம் நனைந்ததும் வளைந்து சொட்டும். சற்றுத் தடிமனானதை வாங்குங்கள். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். மிஞ்சும் திருஇரத்தத்தை (அர்ச்சிக்கப்பட்ட இரசத்தை) எடுத்துவைக்க முடியாது, அங்கேயே பருகி முடிக்க வேண்டும்.

பதில் 3:
நன்றியுரை, நற்கருணைக்குப் பின்வரும் மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசீருக்கு முன்பு. பொன்னாடை, வாழ்த்து மடல் எல்லாம் மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாதர் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளட்டும். மேடையில் நினைவிலிருந்து சொன்னால் கோவில்பிள்ளையும் சமையல்காரம்மாவும்தான் விடுபடுவார்கள். அவர்கள் பெயரை முதலிலேயே எழுதுங்கள்.